சோப்பு டப்பாவும் தரையைப் பார்த்த மைக்கும்

ரிட்டையர் ஆன பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் இரண்டு வருடமாக "ஒன்றுமில்லை" என்று உண்மையைச் சொல்லி வந்தேன். இந்தப் பொங்கலுக்கு அப்புறம் அந்தப் பதில் செல்லாது. மூன்று மாதம் ஒரு சத்தத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். பாட்டை அல்ல, பாட்டில் வரும் ஒரு கிடார் சத்தத்தை மட்டும். வீட்டில் இதை என் பி.பி. மாத்திரைகளோடு சேர்த்து ஒரு வியாதியாகவே கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

கதை 1986-ல் தொடங்குகிறது. தொலைபேசித் துறையில் வேலை கிடைத்து, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இடம் பிடித்தேன். பத்துக்குப் பத்து அறை, இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், பச்சை டிஸ்டெம்பர் சுவர். மேன்ஷனில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஊர்ப்பெயர்தான். நான் கும்பகோணம். என் அறைத்தோழன் நாகர்கோவில். இத்தனை வருடம் கழித்தும் என் போனில் அவன் பெயர் 'நாகர்கோவில்' என்றுதான் இருக்கிறது. இங்கும் அப்படியே இருக்கட்டும்.

நாகர்கோவிலிடம் ஒரு கிடார் இருந்தது. சர்ச்சில் வாசித்துப் பழகியவன். ராத்திரி சாப்பாடு முடிந்து வந்தால் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து வாசிப்பான். பக்கத்து அறைக்காரர்கள் சுவரைத் தட்டினால் நிறுத்துவான். தட்டுகிற அளவுக்கு மோசமாக அவன் வாசித்ததில்லை என்று இப்போது சாட்சி சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

அந்த வருடம் மஸ்கட்டிலிருந்து வந்த யாரோ கொண்டுவந்த கேசட்டிலிருந்து யாரோ எடுத்த காப்பி, ஒரு ரெக்கார்டிங் கடை வழியாக எங்கள் அறைக்கு வந்தது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்'. 1985-ல் வந்த ஆல்பம். என்னிடம் இருந்தது ஒரே ஸ்பீக்கர் வைத்த டூ-இன்-ஒன். அதில் போட்டோம். 'மணி ஃபார் நத்திங்' என்ற பாட்டு. முதலில் தூரத்திலிருந்து ஒரு குரல், பிறகு டிரம்ஸ் மெல்ல மெல்ல ஏறி வந்து இடி மாதிரி முடிகிறது. அப்புறம் தனியாக அந்தக் கிடார்.

எப்படிச் சொல்வது? மூக்கடைத்த யானை ஒன்று கோபமாகப் பேசுகிற மாதிரி. கரகரப்பு உண்டு, ஆனால் காதைக் கிழிக்காது. நாகர்கோவில் எழுந்து உட்கார்ந்தான். "மக்கா, ரீவைண்ட் பண்ணுலே" என்றான். அன்று ராத்திரி அந்த இடத்தை மட்டும் எத்தனை தடவை ஓட்டினோமோ, கணக்கில்லை.

மறுநாள் அவன் கேட்டது: "நீ டெலிபோன்காரன்தானே? இந்தச் சத்தத்த உண்டாக்க முடியாதா?"

இருபத்து நாலு வயதில் ஒருவனிடம் இப்படிக் கேட்டால் முடியாது என்று சொல்வானா? ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். இரண்டு பி.சி.148 டிரான்சிஸ்டர், சில்லறை ரெசிஸ்டர், கண்டென்சர், ஒன்பது வோல்ட் பேட்டரி. ஃபஸ் பாக்ஸ் என்று பெயர். உள்ளே நடப்பது சின்ன அநியாயம்தான். கிடாரிலிருந்து வரும் அலையைத் தாங்க முடியாத அளவுக்குப் பெருக்கினால் அதன் தலையும் காலும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். மழமழவென்று வளைந்த அலை மூலைகள் உள்ள அலையாக மாறும்போது, மூல ஸ்வரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளெல்லாம் சேர்ந்து கிளம்பும். நம் காதுக்கு அதுதான் கரகரப்பு. டெலிபோனில் இது வந்தால் புகார். ராக் இசையில் வந்தால் கைதட்டல்.

சர்க்யூட்டை வைக்க ஒரு பெட்டி வேண்டுமே? இரும்புப் பெட்டி செய்யச் சொன்னால் முப்பது ரூபாய் கேட்டான். மாசக் கடைசி. என் பச்சை பிளாஸ்டிக் சோப்பு டப்பாவைக் கழுவித் துடைத்து அதற்குள் வைத்தேன். டப்பாவைத் திறந்தால் கடைசிவரை ஹமாம் வாசனை வந்தது.

சத்தம்? அந்தப் பாட்டில் வருவது யானை என்றால் எங்களுடையது டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு. ஆனால் நாகர்கோவிலுக்குப் பரம சந்தோஷம்.

ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. சோதித்துப் பார்த்தபோது, கிடாரைத் தொடாமல் இருந்தால் டப்பாவிலிருந்து முணுமுணுவென்று ஒரு பேச்சுக்குரல் கேட்டது. ரேடியோ! நீளமான கிடார் ஒயர் ஏரியல் ஆகிவிட்டது. டிரான்சிஸ்டரே டிடெக்டர் வேலையும் செய்தது. உலோகப் பெட்டியில் போட்டு எர்த் செய்திருந்தால், அல்லது உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சின்ன கண்டென்சர் போட்டிருந்தால் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவனிடம் சொல்லவும் இல்லை.

1987 கோடையில் ஒரு கோயில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி. குழுவின் கிடார்காரருக்கு அம்மை. நாகர்கோவிலுக்கு வாய்ப்பு வந்தது. கடன் வாங்கிய பிக்கப்பைக் கிடாரில் ஒட்டிக்கொண்டு, சோப்பு டப்பாவோடு மேடை ஏறினான். நான் முதல் வரிசையில். மூன்றாவது பாட்டில் கிடாருக்கு ஒரு தனி இடம். டப்பாவை ஆன் செய்தான். வாசிப்பதற்கு முன் ஒரு வினாடி இடைவெளி. அந்த ஒரு வினாடியில், நான்கு திசையிலும் கட்டியிருந்த ஹாரன் ஸ்பீக்கர்களிலிருந்து ஆகாசவாணி செய்தி அறிக்கை கணீரென்று கிளம்பியது.

கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவன் வாசித்தான், முழுசாகவே வாசித்தான். ஆனால் அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அடுத்த பாட்டுக்கு முன் குழுத்தலைவர் வந்து ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போனார்.

அந்தக் குழு அவனை மறுபடி கூப்பிடவில்லை. இரண்டு மாதத்தில் கிடாரை விற்றான். வருடக் கடைசியில் ஊருக்கே வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவன் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கல்யாணப் பத்திரிகைகள், தீபாவளி, கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், வாட்ஸ்அப் வந்த பிறகு காலை வணக்கப் பூக்கள். நட்பு இருந்தது. அந்தக் கச்சேரி மட்டும் பேச்சில் வராது.

இனி இந்த வருடக் கதை.

பெங்களூரு போன மகன் விட்டுச் சென்ற எலெக்ட்ரிக் கிடார் ஒன்று பரணில் கிடந்தது. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது கையில் வந்தது. கூடவே யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரில் செருகும் சின்னப் பெட்டியும். அதற்குப் பெயர் ஆடியோ இன்டர்ஃபேஸ். இந்தக் காலத்தில் ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டியதில்லை, எல்லாம் கணக்காக மாறிவிட்டது. வால்வு எப்படிச் சூடாகி எப்படித் திணறும் என்பதைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் காட்டுகிறது. நான் பணம் கட்டாமல் கிடைப்பதை மட்டும் இறக்கிக்கொண்டேன். பென்ஷன்காரன் புத்தி.

முதலில் அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று படித்தேன். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

பாட்டைப் பதிவு செய்த இடம் கரீபியன் கடலில் மான்செராட் என்ற குட்டித் தீவு. பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1979-ல் அங்கே ஏர் ஸ்டூடியோவைத் திறந்திருந்தார். மார்க் நாஃப்ளர் வழக்கமாக வாசிப்பது ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர், கண்ணாடி மாதிரி தெளிவான சத்தம். இந்தப் பாட்டுக்கு ஸீ ஸீ டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் வாசிக்கிற மாதிரி முரட்டுச் சத்தம் வேண்டுமென்று கிப்ஸன் லெஸ் பால் வகைக் கிடாரை எடுத்து, லேனி ஆம்ப்ளிஃபயரில் செருகினார். சவுண்ட் என்ஜினியர் நீல் டார்ஃப்ஸ்மன். மைக்குகளை இன்னும் சரியாக வைத்து முடிக்கவில்லை. ஒன்று தரையைப் பார்த்துத் தொங்குகிறது. இன்னொன்று ஸ்பீக்கருக்கு நேராக இல்லாமல் விலகி நிற்கிறது. அந்த நிலையில் வந்த சத்தம் அபாரமாக இருக்க, எதையும் தொடாமல் அப்படியே பதிவு செய்துவிட்டார்கள்.

பிறகு நியூயார்க்கில் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் மேற்கொண்டு வேலை நடந்தபோது, அதே சத்தத்தை மறுபடி வரவழைக்க டார்ஃப்ஸ்மன் முயன்றார். வரவில்லை! உண்டாக்கியவருக்கே இரண்டாம் தடவை கிடைக்காத சத்தத்தைத்தான் நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடியிருக்கிறேன். அந்த ஸ்டூடியோவும் இப்போது இல்லை. 1989-ல் ஹ்யூகோ புயல் அடித்து மூடப்பட்டது. 1995-லிருந்து எரிமலை வெடித்துத் தீவின் தலைநகரமே சாம்பலில் புதைந்துவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றாலும் முடியாது.

ஆனால் இந்தத் தகவல்தான் எனக்கு வழி காட்டியது. ரகசியம் கிடாரில் இல்லை, ஆம்ப்ளிஃபயரில் பாதிகூட இல்லை. மைக் நின்ற இடத்தில் இருக்கிறது.

இப்போது அதற்கும் ஒரு கருவி உண்டு, இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பார்கள். கோயில் மண்டபத்தில் ஒரு தடவை கைதட்டி அதன் எதிரொலியைப் பதிந்துகொண்டால், அந்த மண்டபம் எந்தச் சத்தத்தை எப்படித் திருப்பித் தரும் என்று கணக்குப் போடலாம் அல்லவா? அதே மாதிரி ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக், ஒரு தூரம் ஆகியவற்றின் 'கைதட்டலை' ஒரு சின்ன ஃபைலில் பிடித்து வைத்திருக்கிறார்கள். திரையில் ஸ்பீக்கர் படம் தெரியும். மைக்கை மவுஸால் இழுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். நடுவில் வைத்தால் கூர்மை, ஓரத்துக்குத் தள்ளினால் மந்தம்.

இரண்டு மைக் வைத்தால்தான் வேடிக்கை. ஒன்றைவிட மற்றொன்று 17 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். ஆக இரண்டாவது மைக்குக்கு அரை மில்லி செகண்ட் தாமதம். 1000 ஹெர்ட்ஸ் அலைக்கு அரை மில்லி செகண்ட் என்பது சரியாகப் பாதி அலை. ஒரு மைக்கில் மேடு, மற்றதில் பள்ளம். இரண்டையும் கூட்டினால் அந்த இடம் காலி. அதேபோல 3000, 5000 என்று சீப்பின் பல் மாதிரி இடைவெளிகள். அந்த மூக்கடைப்பு இப்படியும் உண்டாகலாம். வா-வா பெடலைப் பாதியில் மிதித்து அப்படியே நிறுத்தினாலும் கிட்டத்தட்ட இதே குணம் வரும் என்று கிடார்காரர்கள் சொல்கிறார்கள். நான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். மைக்கை ஒவ்வொரு சென்டிமீட்டராக நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் நோட்டில் குறித்தேன். முப்பத்தேழு வருஷம் கேபிள் பழுதைத் தேடியவனுக்கு இது பழகின வேலைதான்.

இடையில் ஒரு சிக்கல். என் காது 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்கு முன்பே ரிட்டையர் ஆகிவிட்டது என்று டாக்டர் வரைபடம் போட்டுக் காட்டியிருக்கிறார். அதனால் மேல்பகுதியைக் கண்ணால்தான் பார்த்தேன், கம்ப்யூட்டரில் ஸ்பெக்ட்ரம் வரைபடமாக. மூலப் பாட்டின் கோடு ஒரு பக்கம், என்னுடையது ஒரு பக்கம்.

கோடுகள் ஒத்துப்போயும் சத்தம் ஒத்துப்போகவில்லை. காரணம் விரல். நாஃப்ளர் பிளெக்ட்ரம் இல்லாமல் கட்டைவிரலும் அடுத்த விரல்களுமாகத் தந்தியைச் சுண்டி இழுப்பவர். இழுத்த மறுநொடி உள்ளங்கையால் அடக்கியும் விடுகிறார். நான் பிளாஸ்டிக் பிளெக்ட்ரத்தை வைத்து வரட்வரட்டென்று தேய்த்துக்கொண்டிருந்தேன். அதைத் தூக்கிப் போட்டேன். கட்டைவிரலில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்ப்பு ஏறியது. அந்த நாலு பார் அளவு இசையை வாசிக்கவே எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. முழுப் பாட்டையும் கேட்காதீர்கள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் மகனுக்கு அனுப்பினேன். "அப்பா, இது ஒரிஜினலைக் கட் பண்ணி அனுப்பினதா, நீங்க வாசிச்சதா?" என்று கேட்டான். இதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும்? தைரியம் வந்து, நாகர்கோவிலுக்கும் அனுப்பினேன். எதுவும் எழுதவில்லை, சத்தம் மட்டும்.

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தது.

"மக்கா, நல்லா இருக்கு. சிடி மாதிரி இருக்கு. ஆனா நம்ம ரூம்ல கேட்டது இது இல்ல பாத்துக்கோ."

முதலில் கோபம் வந்தது. கோடு கோடாக ஒப்பிட்டிருக்கிறேன், இவன் என்ன சொல்கிறான்? படுத்த பிறகுதான் உறைத்தது. அவன் சொன்னது சரி. நாங்கள் 1986-ல் கேட்டது மான்செராட் சத்தமே இல்லை. காப்பிக்குக் காப்பி எடுத்த கேசட். ஹெட் கோணல் என்றால் மேல் ஸ்தாயி எல்லாம் தேய்ந்திருக்கும். என் டூ-இன்-ஒன்னில் பெல்ட் தளர்ந்து வேகம் லேசாக ஆடும். உள்ளங்கை அகல ஸ்பீக்கர். அப்புறம் அந்தப் பத்துக்குப் பத்து சுவர். நாங்கள் பைத்தியமானது இத்தனையும் சேர்ந்த சத்தத்துக்குத்தான். நாஃப்ளரே வந்து எங்கள் அறையில் வாசித்திருந்தாலும், "கேசட்ல இன்னும் நல்லா இருந்துச்சே" என்று சொல்லியிருப்போம்.

மறுநாள் காலை மூன்று மாத உழைப்பைக் கெடுக்க உட்கார்ந்தேன். இரண்டு சேனலையும் ஒன்றாக்கினேன். 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டினேன். வேகத்தில் மிக லேசான ஆட்டம் சேர்த்தேன். கொஞ்சம் இரைச்சல். அப்படியும் ஏதோ குறைந்தது. கடைசியில் அப்பாவின் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்து, அதன் ஸ்பீக்கருக்கு ஒயர் கொடுத்து, பாத்திரம் எல்லாம் எடுத்துவிட்ட ஸ்டோர் ரூமில் வைத்து வாசிக்கவிட்டு, போனில் பதிந்தேன். பதிந்ததைக் கேட்டேன். எனக்கே ஒரு கணம் கால் பக்கம் இரும்புக் கட்டில் இருக்கிற மாதிரி இருந்தது.

அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். காலை ஐந்தரைக்குப் போன். வாட்ஸ்அப் இல்லை, போன்.

"ரீவைண்ட் பண்ணுலே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த இடைவெளியில் சொல்லிவிட்டேன். சோப்பு டப்பாவில் ரேடியோ வரும் என்று எனக்கு முன்பே தெரியும், முப்பது ரூபாய்க்குப் பார்த்துப் பெட்டி செய்யாமல் விட்டேன், உன்னிடம் மறைத்தேன், உன் கிடார் போனதற்கு நான்தான் காரணம். இதைச் சொல்ல எனக்குக் கிட்டத்தட்ட நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்லா" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ நைட் ட்யூட்டி போன பொறவு அந்த டப்பாவப் போட்டுப் பாப்பேன். ஒரு நாளு பழைய பாட்டே வந்துச்சு, முழுசாக் கேட்டேன். சொன்னா நீ பிரிச்சுச் சரிபண்ணுதேன்னு உக்காந்திருவே, கச்சேரிக்கு டப்பா இருக்காது. அதான் சொல்லல."

கிடாரை விற்றது அக்கா கல்யாணத்துக்காம். பாத்திரக் கடையில் கொஞ்சம் பாக்கி இருந்திருக்கிறது. கச்சேரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். "நீ என்னலே இத்தன வருஷம் இதச் சொமந்துட்டு திரிஞ்சே?" என்று கேட்டான். அந்தச் சிரிப்புக் கூட்டத்தைப் பற்றி அவனுக்கு வருத்தமே இல்லையா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "இருந்துச்சு, ஒரு வாரம்" என்றான். அவன் சொன்னதில் பாதி என்னைத் தேற்றுவதற்காக இருக்கலாம். இந்த வயதில் அதையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது அவன் வாசிப்பதில்லை. சர்க்கரையால் விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன, தந்தி எங்கே இருக்கிறதென்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறதாம். எனக்கு மேல் ஸ்தாயி கேட்பதில்லை, அவனுக்குத் தந்தி தெரிவதில்லை. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு கிடார்காரன் தேறலாம்.

அடுத்த மாதம் கண் பரிசோதனைக்குச் சென்னை வருகிறான். எங்கள் வீட்டில்தான் தங்கல். வரும்போது அந்த டப்பா தயாராக இருக்க வேண்டும் என்று உத்தரவு. கம்ப்யூட்டர் சத்தமெல்லாம் அப்புறமாம், முதலில் வண்டு. ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். பி.சி.148 கிடைக்கவில்லை, பி.சி.547 வாங்கிவந்தேன். இரும்புப் பெட்டி செய்யட்டுமா என்று போனில் கேட்டதற்கு, "வேண்டாம், அப்பொறம் நியூஸ் எப்படிக் கேக்க?" என்கிறான்.

பச்சை நிறத்தில் ஒரு சோப்பு டப்பாவும் வாங்கி மேஜைமேல் வைத்திருந்தேன். இன்று காலை காணோம். தேடிப் பார்த்தால் குளியலறையில் இருக்கிறது, உள்ளே சோப்போடு. நல்லதுதான். வாசனை ஏறட்டும்.